தண்ணீருக்கு முந்திய கேள்வி

பிப்ரவரி 4, திங்கள்

எட்டு மணிக்கு முதல் ஆள் உள்ளே போனார். எட்டு இருபத்திரண்டுக்கு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். என் மாணவன் எனோக் இன்னும் அந்த ஆளுடைய அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். படிவத்தில் முதல் கேள்விக்கு எதிரே ஒரு பொட்டு மை இல்லை. வெளியே பெஞ்சில் பதினோரு பேர்.

முதுநிலை இரண்டாம் ஆண்டு இவர்கள். ஒன்றரை வருடமாக என்னிடம் உளவியல் படிக்கிறார்கள். மனநோயாளியைச் சந்திக்கும் முறை என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். உள்ளே போனதும் என்ன செய்கிறார்கள்? வந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "இங்க எல்லாம் அமைதி, வழி நடந்து வந்தது நீங்கதான்" என்கிறார்கள், வந்த காரியத்தைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். அவர் "கெட்டது ஒண்ணும் இல்ல" என்கிறார். கை குலுக்கல். நல்வரவு. மறுபடி ஒரு விசாரிப்பு. அதற்கப்புறம்தான் வந்த காரியம் மெல்ல வெளியே வருகிறது. வீட்டில் செய்யட்டும், நானும் செய்கிறேன். எங்கள் ஊரில் வீடு தீப்பிடித்து எரியும்போது ஓடி வருகிறவன்கூட முதலில் கெட்டது ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லுவான். ஆனால் இது ஆஸ்பத்திரி, மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி நிலையம். ஒரு ஆளுக்கு ஐம்பது நிமிடம்தான்.

ஏப்ரலில் அங்கீகாரம் கொடுக்கும் கவுன்சில் ஆட்கள் வருகிறார்கள். பாதி படிவங்கள் அரைகுறை. அவர்களிடம் எதைக் காட்டுவது, முழங்கால் வலியையா?

உட்கார்ந்து எழுதிவிட்டேன். முதல் சந்திப்புக்குப் பன்னிரண்டு விதிகள். நான்காவது: தண்ணீர், உபசாரம், வீட்டு விசாரிப்பு கிடையாது. மூன்று நிமிடத்துக்குள் முதல் கேள்வி. தாண்டினால் மதிப்பெண் குறையும்.

பிப்ரவரி 6, புதன்

விதிகளைப் பயிற்சி அறைச் சுவரில், மாணவர் நாற்காலிக்கு நேர் எதிரே ஒட்டியாயிற்று.

வகுப்பில் முணுமுணுப்பு. பிராகோதான் கையைத் தூக்கினாள். எப்போதும் அவள்தான். இங்கே குமாசியிலேயே பிறந்து வளர்ந்தவள், சந்தையில் துணி விற்பவரின் மகள். கெட்டிக்காரி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் "ஆனா மேடம்" உண்டு.

"ஆனா மேடம், வயசுல பெரியவங்க வந்தா?"

"பெரியவங்களுக்குத் தாகம் எடுத்தா வெளியில குழாய் இருக்கு."

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 11, திங்கள்

வடக்கேயிருந்து வீசும் தூசிக்காற்று இன்னும் அடங்கவில்லை. உதடு வெடித்துவிட்டது. கரண்ட் காலையில் போய் மதியம் வந்தது. முப்பத்தாறு கட்டுரைகளில் ஒன்பது ஒரே கட்டுரை. துக்கத்தைப் பற்றி. ஒன்பது பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. துக்கம் பற்றிக்கூடவா காப்பி அடிப்பார்கள்? இந்த ஊரில் சனிக்கிழமை தவறாமல் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள்!

ஆனால் விதிகள் வேலை செய்கின்றன. இன்று ஏழு புதியவர்கள், ஏழு முழுப் படிவங்கள். டைரக்டர் ஆங்க்ரா கதவருகே நின்று எட்டிப் பார்த்து, "செர்வா, ராணுவம் மாதிரி நடத்துறீங்க" என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வியாழன்

பிராகோ இன்று ஒரு முதல் சந்திப்பைப் பதினான்கு நிமிடத்தில் முடித்தாள். பதினான்கு! ஜிமா என்று ஒரு லாரி டிரைவர், அறுபத்தொரு வயது. வடக்கேயிருந்து தக்காளி ஏற்றி வருகிறவர். வயிற்றெரிச்சல் என்று நான்கு முறை பரிசோதித்து, உடம்பில் ஒன்றும் இல்லை என்று இங்கே அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தொரு கேள்விகளும் பூர்த்தி. நோய்க்குறிகளுக்கு மொத்தம் மூன்று மதிப்பெண்தான். கவலைப்பட ஏதுமில்லை என்ற கட்டத்தில் வருகிறார். கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் கழித்து வந்தால் போதும்.

மதிய வகுப்பில் அந்தப் படிவத்தை உயர்த்திக் காட்டினேன். "பாருங்க, முடியுமா முடியாதா? பிராகோவால முடிஞ்சிருக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் போல.

பிப்ரவரி 15, வெள்ளி

பேராசிரியர்கள் கூட்டம் மூன்றரை மணி நேரம். அதில் ஒன்றரை மணி நேரம் நாற்காலிகளின் நிறம் பற்றி.

பிப்ரவரி 21, வியாழன்

பதினோரு மணிக்கு ஒரு அம்மாள் வந்தார். கறுப்புத் துணி சுற்றியிருந்தார். பெயர் ஃபாஸ்டினா. நேரே என் அறைக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் தம்பி போன வாரம் இங்க வந்தான். ஜிமா. லாரி ஓட்டுறவன்."

எனக்கு உடனே நினைவு வந்தது. வேறென்ன, பதினான்கு நிமிடம்!

"செவ்வாக்கிழமையிலருந்து காணல. லாரி சாவியப் பாஸ்டர்கிட்ட குடுத்திருக்கான். சாவு வீட்டுக்குக் கட்டுற துணிய எல்லாம் என் பையனுக்கு வச்சுட்டுப் போயிருக்கான், மடிச்சு. மடிச்சு, டாக்டர்! அவன் ஜென்மத்துல துணி மடிச்சதில்ல." அப்புறம் கேட்டார்: "இங்க அவன் என்ன சொன்னான்?"

கோப்பை எடுத்தேன். முதல் கேள்வி, வந்த காரணம். பிராகோவின் குண்டு குண்டான எழுத்து: கெட்டது எதுவும் இல்லை என்கிறார்.

அதை அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்தேன், முட்டாள்! அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"அது சரி. அதுக்கப்புறம் என்ன சொன்னான்?"

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. வரிசையாக இல்லை, இல்லை, இல்லை.

போன மழைக்காலத்தில் எஜுரா சாலையில் அவர் லாரி கவிழ்ந்ததாம். பக்கத்தில் உட்கார்ந்து வந்த தக்காளி வியாபாரி, மான்சா என்ற பெண், அங்கேயே போய்விட்டாள். போலீஸ் இவர்மேல் தப்பில்லை என்றது. அவள் வீட்டாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் வயிற்றெரிச்சல். இது எதுவும் படிவத்தில் இல்லை.

போலீசுக்குச் சொன்னோம். மனநல மருத்துவருக்குச் சொன்னோம். ஃபாஸ்டினா அம்மாள் போகும்போதுதான் கவனித்தேன், அவருக்கும் நான் தண்ணீர் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 22, வெள்ளி

அந்தச் சந்திப்பின் கேமராப் பதிவைப் பார்த்தேன். போன வாரமே பார்த்திருக்க வேண்டியது. கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பதிவையும் பார்ப்பது என் வேலை. நாற்பது கோப்புகள் இருந்தன, மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஜிமா உட்காருகிறார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைக்கிறார். மூலையில் தட்டும் கூஜாவும் டம்ளர்களும் இருக்கின்றன, யாரும் எடுத்துவைக்கவில்லை. பிராகோவின் கை கூஜாப் பக்கம் போகிறது. கண் சுவருக்குப் போகிறது. கை திரும்பி வந்துவிடுகிறது. கேட்கிறாள்: "எதுக்காக வந்திருக்கீங்க?"

"கெட்டது ஒண்ணும் இல்லம்மா."

சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். பதினோரு விநாடி. மூன்று முறை ஓடவிட்டு எண்ணினேன். அவள் மறுபடி கேட்பாள் என்று அவள் முகத்தையே பார்க்கிறார். அவள் இரண்டாவது கேள்விக்குப் போகிறாள். அதற்கப்புறம் அவர் தரையைத்தான் பார்க்கிறார். தூக்கம் எப்படி? சரிதான். பசி? சரிதான். சாகணும்னு தோணுதா? இல்ல. நல்வரவு சொல்லாத வீட்டில் யார் வாயைத் திறப்பார்கள்?

கடைசியில் எழுந்து வாசலில் நின்று, முறையாக, வீட்டுக்கு வந்த விருந்தாளி விடைபெறக் கேட்பதுபோல் கேட்கிறார்: "வழி குடுக்கிறியாம்மா?"

"தாராளமா, போய்ட்டு வாங்க."

"வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லும்மா."

பதினான்கு நிமிடம்.

பிராகோவைக் கூப்பிட்டேன். கத்தினேன். கத்தினேன் என்றுதான் எழுத வேண்டும். "நீ இந்த ஊர்ப் பொண்ணுதானே? கெட்டது ஒண்ணும் இல்லன்னா அது ஆரம்பம்னு உனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

நேராக நின்றாள்.

"தெரியும் மேடம். அவர் காத்துக்கிட்டு இருந்ததும் தெரியும். மூணு நிமிஷத்துக்கு மேல போனா மார்க் குறையும்னு நீங்க சொன்னீங்க. நாலாவது விதி. போன தடவையே எனக்கு ரெண்டு மார்க் போச்சு."

"அறிவு வேண்டாமா? விதின்னா கண்ண மூடிக்கிட்டா செய்வ?"

"வகுப்புல எல்லார் முன்னாடியும் என் படிவத்தக் காட்டினீங்களே மேடம். அன்னிக்கே உங்ககிட்ட வந்து சொல்லணும்னு நெனச்சேன். சொல்லல. அது என் தப்பு. அது மட்டும் என் தப்பு."

என்ன திமிர் என்று நினைத்தேன். அவள் போனபிறகும் பத்து நிமிடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலை டைரக்டர். "கவுன்சில் வர்ற நேரம் செர்வா. பயிற்சி மாணவி செஞ்ச தப்புன்னு அறிக்கை குடுங்க. அவள நிறுத்திடலாம். நிலையத்துக்கு ஒண்ணும் ஆகாது." வாசல்வரை போய்த் திரும்பி, "அந்தச் சுவர்ல இருக்கிற தாளக் கழட்டிடுங்க" என்றார்.

கழற்றினேன். மடித்து என் கைப்பையில் போட்டேன்.

பிப்ரவரி 23, சனி

ஊர் முழுக்கக் கறுப்பும் சிவப்பும். சாவு வீடுகள். நான் நான்கு லாரி நிறுத்தங்களுக்குப் போனேன். டிரைவர்கள் எல்லாரும் ஏதாவதொரு சாவு வீட்டில். இருந்த இரண்டு பேரும் "கெட்ட சேதி ஒண்ணும் கேள்விப்படல மேடம்" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். "மாணவி, நோயாளியின் பண்பாட்டுச் சூழலைக் கணக்கில் கொள்ளத் தவறினார்." அழகான வாக்கியம். இருபத்தாறு வருடம் இந்தத் தொழிலில் இருந்தால் இப்படி எழுத வருகிறது.

அடுத்த ஆண்டு அவளுக்கு உதவித்தொகை கிடையாது. இந்தப் பயிற்சியில் தோற்றால் அவ்வளவுதான், துணிக்கடைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பிப்ரவரி 24, ஞாயிறு

சேதி இல்லை. சர்ச்சுக்குப் போகவில்லை. சமைத்த சூப்பைத் தொடவில்லை.

பிப்ரவரி 25, திங்கள்

உயிரோடு இருக்கிறார்.

எஜுராவில், மான்சாவின் தாய்மாமன் வீட்டில். செவ்வாய்க்கிழமையிலிருந்து அங்கேதான். அந்தத் தாய்மாமன் ஆன்ட்வி, ஒரு டிரைவரிடம் ஃபாஸ்டினாவுக்குச் சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த டிரைவர் வழியில் ஒரு சாவு வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு, சாவகாசமாக இன்று காலை வந்து சொல்லியிருக்கிறான். போன் இருக்கிறது! ஆன்ட்வியின் சட்டைப் பையில் போன் இருக்கிறது! "இது போன்ல சொல்ற சேதி இல்ல" என்றாராம். ஆறு நாள். இந்த ஊர் மனிதர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பிராகோவையும் ஃபாஸ்டினா அம்மாளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம்.

வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். தட்டில் டம்ளர் வைத்து வலக்கையால் நீட்டினார்கள். நான் வாங்கினேன், குடிக்கவில்லை. ஆன்ட்வி மாமா எதிரே உட்கார்ந்து, "இங்க எல்லாம் அமைதி, வழி நடந்து—" என்று ஆரம்பித்தார்.

"அவர் எங்க? நல்லா இருக்காரா? அவரப் பாக்கணும்."

ஃபாஸ்டினா அம்மாள் தன் மடியைப் பார்த்தார். ஆன்ட்வி மாமா கோபிக்கவில்லை, அது இன்னும் மோசம்.

"தண்ணியக் குடிங்க டாக்டரம்மா. மொதல்ல குடிங்க. உங்க தொண்ட காஞ்சிருக்கு."

குடித்தேன். டம்ளர் பல்லில் இடித்தது.

அவர் கைகாட்டிய இடத்தில், சோளக் குவியலுக்குப் பக்கத்தில், ஜிமா உட்கார்ந்து கதிரிலிருந்து சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். தொப்பி அணிந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி வேலையைத் தொடர்ந்தார். பிராகோ எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதிரை எடுத்தாள். யாரும் சொல்லவில்லை.

ஆன்ட்வி மாமா சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"வந்தான். தண்ணி குடுத்தோம். கெட்டது ஒண்ணும் இல்லன்னான். நல்வரவு சொன்னேன். ரெண்டாந்தடவ கேட்டேன், பேசல. கொஞ்ச நேரம் சோளத்தப் பத்திப் பேசினேன். மூணாந்தடவ கேட்டேன். அப்பதான் சொன்னான், 'மாமா, மான்சா போன எடத்துக்கு நானும் போறேன், உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போனா மரியாதையில்லன்னு வந்தேன்'னு. சொல்லிட்டு எந்திரிச்சு வழி கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தரமாட்டேன்னேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? வழி கேட்டா குடுக்கிறதும் குடுக்காததும் வீட்டுக்காரன் இஷ்டம். தெனம் காலையில கேக்கிறான். தெனம் நான் தரமாட்டேங்கிறேன். மான்சா எங்களுக்கு ஒருத்திதான். ஒரு எடத்துக்கு ரெண்டு பேர அனுப்ப எங்க வீட்ல ஆள் இல்லன்னு சொல்லிட்டேன்."

மூன்றாம் தடவை கேட்பதற்குள் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். அப்போதும் நேரத்தைக் கேட்கிறேன் பார். அவர் யோசித்து, "அடுப்புல சூப் வச்சிருந்தாங்க. அது வெந்து எறக்கி வச்சிட்டாங்க" என்றார்.

நாங்கள் கிளம்ப எழுந்தபோது ஜிமா ஆன்ட்வி மாமாவைப் பார்த்தார். மாமா சொன்னார், "இவங்களோட போறதா இருந்தா வழி தர்றேன். ஆனா பாதி வழிதான். மீதிய வாங்க நீ ஞாயித்துக்கிழம இங்க வரணும்."

ஜிமா தலையாட்டினார். காரில் ஏறும்போது என்னிடம் பேசவில்லை. பிராகோவிடம், "உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமாம்மா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று சொல்லவே முடியாமல் அழுதாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். எனக்கும் கண் மறைத்தது. சொல்ல என்ன வெட்கம்?

பிப்ரவரி 26, செவ்வாய்

ஜிமாவை மருத்துவர் பார்த்தார். மாத்திரை கொடுத்திருக்கிறார். ஃபாஸ்டினா வீட்டில் தங்குகிறார், தனியாக விடுவதில்லை. வியாழன்தோறும் வருவார். யாரிடம் பேச விருப்பம் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணுகிட்ட." ஏன்? "அது அன்னைக்குத் தண்ணிய எடுக்கப் பாத்துச்சு. நான் பாத்தேன்."

பிப்ரவரி 27, புதன்

அறிக்கை கொடுத்துவிட்டேன். பழைய வாக்கியத்தைக் கிழித்துப் போட்டேன். புதியது ஒன்றரைப் பக்கம்: விதி என்னுடையது. சுவரில் ஒட்டியது நான். பதிவைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். வகுப்பில் அதை உதாரணமாகக் காட்டியதும் நான். மாணவி அந்தச் சூழலை அறிந்திருந்தாள், நான் அவளைத் தடுத்திருந்தேன். கைப்பையிலிருந்த தாளை இணைத்தேன். மடிப்புகளை நீவி நீவிப் பார்த்தேன், நேராகவில்லை.

டைரக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "செர்வா, உங்களுக்குப் பைத்தியமா?"

"அதுக்கு ஒரு படிவம் இருக்கு, இருபத்தொரு கேள்வி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 6, புதன்

எங்கள் நாட்டுச் சுதந்திர தினம். பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் அணிவகுத்து மயங்கி விழுகிறார்கள், வருடா வருடம் இதே கூத்து. விடுமுறை நாளில் கட்டுரை திருத்தினேன். துக்கம் பற்றி மறுபடி எழுதச் சொல்லியிருந்தேன். இந்தத் தடவை காப்பி இல்லை. எனோக் தன் அண்ணன் இறந்ததைப் பற்றி எழுதியிருக்கிறான். அது எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்றரை வருடமாக முன் வரிசையில் உட்காருகிறவன்.

மார்ச் 14, வியாழன்

முடிவு வந்தது. பயிற்சி நிலையப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வகுப்பு மட்டும் எடுக்கலாம். நோயாளிகளைப் பார்க்கலாம், ஆனால் மாணவர்களுக்குப் பயிற்சி மேற்பார்வை கிடையாது. ஒரு வருடம். பிராகோவுக்கு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான், படிப்பு தொடரும்.

நியாயம்தான். நியாயம்தான் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினேழு வருடம் நான் கட்டிய நிலையம். ஒவ்வொரு நாற்காலியும் நான் சண்டை போட்டு வாங்கியது.

யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறேன். நன்றாக இல்லை. சட்டையின் முதுகில் வியர்வையோடு ஜிமா அந்த அறையிலிருந்து வெளியேறுவதுதான் கண்ணில் நிற்கிறது. வழி குடுக்கிறியாம்மா. தாராளமா.

மார்ச் 21, வியாழன்

புதிய பொறுப்பாளர் நல்ல இளைஞர், மிக நல்ல இளைஞர், எனக்குத் தலைவலி. படிவத்தில் முதல் கேள்விக்கு முன்னால் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்: தண்ணீர் வழங்கப்பட்டதா? ஆம், இல்லை. மாணவர்கள் இப்போது பிளாஸ்டிக் தண்ணீர்ப் பையை நோயாளியின் கையில் திணித்து, ஆம் என்று கட்டத்தை நிரப்பி, அதே வேகத்தில் முதல் கேள்விக்குப் போகிறார்கள். ஒரு அம்மாள் பையைப் பல்லால் கடித்துத் திறப்பதற்குள் நான்காவது கேள்வி வந்துவிட்டதாம்.

தலையில் அடித்துக்கொண்டேன். நான் பேச வேண்டியதில்லை, என் பொறுப்பு இல்லை. பேசினேன். அந்த இளைஞர் கவனமாகக் கேட்டு, "கட்டத்தப் பெருசாக்கிடலாமா மேடம்?" என்றார்.

மார்ச் 29, வெள்ளி

சாவிகளை ஒப்படைக்கப் போனேன். போனோம், மேசையில் வைத்தோம், வந்தோம் என்று இருக்க வேண்டும் என நினைத்திருந்தேன். மதியம் எனக்கு வகுப்பு.

பொறுப்பாளர் இல்லை. பயிற்சி அறையில் பிராகோ மட்டும் இருந்தாள். நேற்று ஜிமாவின் ஐந்தாவது சந்திப்பு. அவர் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் அவர் ஞாயிறுதோறும் எஜுரா போய் அந்த மீதி வழியை வாங்கப் பார்க்கிறார் என்பதும், ஆன்ட்வி மாமா இன்னும் தரவில்லை என்பதும் இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஃபாஸ்டினா அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருக்கும் சொல்கிறார்.

"சாவி," என்று நீட்டினேன். "அலமாரி சாவி ரெண்டு. நீலக் கயிறு போட்டது கேமரா அறை. அது கொஞ்சம் இறுகும், தூக்கித் திருப்பணும்."

அவள் வாங்கவில்லை. "உக்காருங்க மேடம்."

"வகுப்பு இருக்கு."

"உக்காருங்க."

நோயாளியின் நாற்காலிதான் கிட்டத்தில் இருந்தது. உட்கார்ந்தேன். பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை. அதிலிருந்து பார்த்தால் சுவரில் விதிகள் ஒட்டியிருந்த இடம் தெரியாது. மூலையில் இருக்கும் கூஜாதான் தெரிகிறது.

கண்ணாடி டம்ளரை எடுத்துத் துடைத்தாள். ஊற்றினாள். தட்டில் வைத்து வலக்கையால் நீட்டினாள். குடித்தேன். முழுதும் குடிக்கும்வரை எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க எல்லாம் அமைதி மேடம். வழி நடந்து வந்தது நீங்கதான்."

"கெட்டது ஒண்ணும் இல்ல," என்றேன்.

அவள் எதையும் எழுதவில்லை. கை குலுக்கி நல்வரவு சொன்னாள். அவள் அம்மா கடையில் புதுத் துணி வந்திருப்பதைச் சொன்னாள். எனோக்கின் பைக் ரிப்பேரானதைச் சொன்னாள். அப்புறம் மறுபடி கேட்டாள். நான் சன்னலைப் பார்த்தேன். மூன்றாம் தடவை கேட்டாள்.

சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஜிமா செத்திருந்தால் நான் அந்தப் பழைய வாக்கியத்தைக் கிழித்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை, அதையும் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. நான்தான் அவளுக்கு அப்படிக் கற்றுக்கொடுத்தேன், அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதே என்று. அது ஒன்றாவது சரியாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். சாவிகளை மேசையில் வைத்தேன். முறை தவறக்கூடாது என்று வாசலில் நின்று வழி கேட்டேன்.

"இப்ப தரமாட்டேன் மேடம்," என்றாள். கூஜாவை எடுத்தாள். "இன்னொரு டம்ளர் குடிங்க."

வெளியே பெஞ்சில் ஒன்பது பேர் இருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.